சமன் பார்த்தவன்

ரேடியேட்டர் சூடாக இருக்கிறதா என்று பார்க்க உள்ளங்கையை வைக்கக் கூடாது ஐயா. முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்த உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும், அதற்கு எதுவும் சரியாகத் தெரியாது. புறங்கையை வைக்க வேண்டும். புறங்கை ஏமாறாது. நீங்கள் தேநீர் எடுத்துவரப் போயிருந்தபோது இந்த அறை ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். மேல்பாதி சூடு, கீழ்ப்பாதி சில்லென்று கிடக்கிறது. மேலே சில்லென்று இருந்தால் காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம், கீழே என்றால் சேறு. கோடையில் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். இந்தக் குளிர்காலத்தை இப்படியே ஓட்ட வேண்டியதுதான்.

என் பெயர் தெமிர்பெக். வயது ஐம்பத்தெட்டு. சுரங்கத் தெருவின் ஐந்து மாடிக் குடியிருப்பில் வெந்நீர்க் குழாய்களெல்லாம் என் பொறுப்பு. நகரத்துக் கொதிகலனிலிருந்து வரும் வெந்நீர் எங்கள் நிலவறைக்குள் நுழைந்து, பன்னிரண்டு குழாய்களாகப் பிரிந்து, அறுபது வீடுகளுக்கு ஏறும். எல்லா வீட்டுக்கும் கூடாமல் குறையாமல் அது போய்ச் சேரும்படி செய்வதற்கு எங்கள் தொழிலில் சமன் பார்ப்பது என்று பெயர். குழாயை அதன் போக்கில் விட்டால், தொடக்கத்தில் இருக்கிறவன் வயிறு முட்டக் குடிப்பான், கடைசியில் இருக்கிறவனுக்கு மிச்சம் மீதிதான். நான் கடைசியில் இருக்கிறவன். ஐந்தாம் மாடி, வடக்கு மூலை, பன்னிரண்டாம் குழாய்.

போன ஜனவரியில் தெருவின் பெரிய குழாய் வெடித்து மூன்று நாள் வெந்நீர் வரவில்லை, உங்களுக்கும் நினைவிருக்கும். வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. என் மனைவி ரவ்ஷானுக்கு அதற்கு முந்தின வருடமே நுரையீரலில் சளி கட்டிப் பிழைத்த உடம்பு. இரண்டாவது நாள் அவள் உதடு நீலமாகிவிட்டது. வீட்டிலிருந்த போர்வை, கம்பளம், சுவரில் தொங்கிய விரிப்பு எல்லாவற்றையும் அவள்மேல் போட்டேன். அதற்கும் மேலே நானும் படுத்துக்கொண்டேன். அவள் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது. ஊரார் வீட்டையெல்லாம் சூடாக்குகிறவனின் பெண்டாட்டி அவன் கைக்கு அடியிலேயே விறைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டு வந்தாள். வரும்போது மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மூன்றாவது தடவை சளி கட்டினால் என்னிடம் தூக்கிக்கொண்டு வராதே, என்னால் ஒன்றும் ஆகாது என்றார். அந்தப் பயம் என்னை விட்டுப் போகவே இல்லை. சாப்பிடும்போதும் இருந்தது, குழாய்க்கு மரை போடும்போதும் இருந்தது.

அந்தக் கோடையில்தான் குடியிருப்பைப் புதுப்பித்தார்கள். எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத் தலைவி ஆல்மா கார்லோவ்னா, பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். எரிபொருள் வீணாவதைத் தன் வகுப்புப் பையன் செய்த தப்புக் கணக்கு மாதிரி பார்க்கிறவர். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்; ரேடியேட்டர் சூட்டைக் குறைக்கத் திருகு கிடையாது, அறை வெந்தால் ஜன்னலின் மேல்மூலையில் இருக்கும் குட்டி ஜன்னலைத் திறந்துவிடுவோம். மைனஸ் முப்பதிலும் திறப்போம். ஆல்மா கார்லோவ்னா கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார்:

“காசைக் கொட்டி வெந்நி வாங்குறோம், ஜன்னலைத் தெறந்து தெருவுக்கு ஊத்துறோம். காக்காய்க்கா குழாய் போட்டிருக்கோம்?”

எல்லோரும் சிரித்தார்கள், பிறகு கையைத் தூக்கினார்கள். சுவருக்கு வெளியே கனமான நுரைப்பலகை ஒட்டினார்கள். மர ஜன்னல்களை எடுத்துவிட்டுக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டினார்கள். நிலவறையில் ஒரு தானியங்கிப் பெட்டி வைத்தார்கள். வெளியே எவ்வளவு குளிர் என்று ஒரு சென்சார் சொல்லும். அதற்கேற்றபடி பெட்டி வெந்நீரைக் கூட்டும், குறைக்கும். வெளியே குளிர் இறங்கினால் சூடு ஏறும், வெளியே இதமாக இருந்தால் சூடு இறங்கும். நல்ல ஏற்பாடு. இன்றைக்கும் நான் அதைக் குறை சொல்லமாட்டேன்.

ஒரே ஒரு மர ஜன்னல் மட்டும் மிஞ்சியது. எங்கள் படுக்கையறை ஜன்னல். ரவ்ஷான் அதை மாற்றவிடவில்லை. அதன் குட்டி ஜன்னல் வழியாகத்தான் அவள் குளிர்காலத்தில் இறைச்சியையும் வெண்ணெயையும் பையில் போட்டு வெளியே தொங்கவிடுவாள். பிளாஸ்டிக் போட்டால் மூச்சு முட்டும் என்றும் சொன்னாள். சரி, நான் டேப் ஒட்டி அடைத்துவிடுகிறேன் என்று தலைவியைச் சமாதானப்படுத்தினேன். அக்டோபர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குட்டி ஜன்னலைச் சாத்திச் சுற்றிலும் ஒட்டினேன்.

சென்சார் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. கரகந்தா நகரத்திலிருந்து வந்த இன்ஜினியர் அதை வடக்குச் சுவரில், எந்த ஜன்னலுக்கும் பக்கத்தில் இல்லாமல் மாட்ட வேண்டும் என்றார். நான்தான் எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் மேலே, கூரை ஓரத்தைக் காட்டினேன். குடியிருப்பிலேயே குளிர் அதிகம் அடிக்கிற இடம் அது. சென்சார் அங்கே இருந்தால் பெட்டி எங்கள் மூலையின் குளிரைப் பார்த்துக் கொஞ்சம் தாராளமாகச் சூடு அனுப்பும் என்று கணக்குப் போட்டேன். இந்த ஜன்னல் திறக்கிற ஜன்னல் இல்லை, டேப் போட்டு அடைக்கப்போகிறேன் என்று சொன்னேன். அவர் நம்பினார். நானும் நம்பித்தான் சொன்னேன்.

ஆனால் நவம்பர் பிறந்ததும் பெட்டி சோம்பேறித்தனம் பண்ணியது. வெளியே மைனஸ் இருபது, அது ஏதோ வசந்தம் வந்துவிட்டது மாதிரி வெதுவெதுப்பான தண்ணீரை அனுப்பிக்கொண்டிருந்தது. பட்டணத்துப் பெட்டிக்கு நம் ஊர்க் குளிர் புரியவில்லை என்று நினைத்தேன். என் படுக்கையறையில் பத்தொன்பது டிகிரி. கட்டிலுக்கு மேலே ஆணி அடித்து ஒரு வெப்பமானி மாட்டியிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் ரவ்ஷான் முகத்துக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். பத்தொன்பதைப் பார்த்த அன்று இன்னொரு போர்வையை எடுத்து அவள்மேல் போட்டேன்.

அதனால் சமன் பார்த்தேன்.

ரேடியேட்டர் குழாயில் சேரும் இடத்தில் ஒரு மரைமூடி இருக்கும். அதைக் கழற்றி உள்ளே ஒரு தகர வாஷர் வைத்து முடுக்கினால், வாஷரின் துளை எவ்வளவோ அவ்வளவு தண்ணீர்தான் போகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. குளிர்கால முன்பரிசோதனை என்று வீடு வீடாகப் போனேன். எல்லோரும் தேநீர் ஊற்றிக் கொடுத்து, நான் வேலை செய்வதை வேடிக்கை பார்த்தார்கள். பதினான்கு வீடுகளில் வைத்தேன். எந்த வீட்டிலும் இரண்டு டிகிரிக்கு மேல் குறையாதபடி துளையை அளந்து போட்டேன். ஒரு கம்பளிச் சட்டை கூடப் போட்டால் தீர்ந்துபோகிற விஷயம். அங்கே மிஞ்சின தண்ணீரெல்லாம் பன்னிரண்டாம் குழாய்க்கு வந்தது. என் ரேடியேட்டரில் நாலு பட்டை கூடுதலாகச் சேர்த்து அதைப் பெரிதாக்கினேன். இருபத்துமூன்று ஆயிற்று.

பதினான்கில் பதின்மூன்றைப் பற்றி நீங்கள் கேட்க மாட்டீர்கள். சிபாவின் வீட்டைப் பற்றித்தான் கேட்பீர்கள்.

சிபா தரைத்தளத்தில், நிலவறைக்கு நேர் மேலே குடியிருந்தாள். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. புருஷன் எண்ணெய்க் கிணற்றில் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்கிறவன். நாலு வயதில் அயிம் என்று ஒரு பெண். வெந்நீர் முதலில் தொடுவது அவள் வீட்டைத்தான், அதனால் எடுக்க அதிகம் இருந்த வீடும் அதுதான். இன்னொரு காரணமும் இருந்தது, அதையும் சொல்கிறேன். அவள் வாடகைக்கு இருந்தாள். சங்கக் கூட்டத்தில் கை தூக்க அவளுக்கு உரிமை கிடையாது. அவள் வீட்டு வாஷரில் துளையைப் பயறு அளவுக்குப் போட்டேன்.

மூன்று வாரம் தொடர்ந்து அவள் என்னைக் கூப்பிட்டாள். மூன்று தடவையும் போனேன். வரமாட்டேன் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

“மாமா, இது ரேடியேட்டரா ஃபிரிட்ஜா? சொல்லிட்டீங்கன்னா வெண்ணெயை இதுமேலயே வச்சிருவேன்” என்றாள்.

காற்று அடைத்திருக்கிறது என்று சொன்னேன்.

“போன வாரமும் காத்துதான். அதுக்கு முந்தின வாரமும் காத்துதான். எங்க வீட்டுக்கு மட்டும் வெந்நிக்குப் பதிலா காத்தையே அனுப்புறீங்களா?”

நான் சாவியைப் போட்டுக் காற்றுத் திருகைத் திறந்தேன். உள்ளே காற்று இல்லை, எனக்குத் தெரியும். தண்ணீர் நேராக வந்தது. அதைக் கிண்ணத்தில் பிடித்து மூடினேன். வீட்டுக்குள்ளேயே கம்பளிக் காலணி போட்டிருந்த அயிம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாத்தா, காத்து போயிருச்சா?”

“போயிருச்சு கண்ணு.”

அவள் ரேடியேட்டரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துச் சூடு வருகிறதா என்று காத்திருந்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

டிசம்பரில் குளிர் மைனஸ் முப்பத்தைந்துக்கு இறங்கியது. பெட்டி அப்போதும் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. படியேறும் இடமெல்லாம் புகார். ஆல்மா கார்லோவ்னா என்னைக் கூப்பிட்டுக் கரகந்தாவுக்கு எழுதச் சொன்னார். எழுதினால் ஆள் வருவான், வந்தால் ஒவ்வொரு ரேடியேட்டராகக் கழற்றிப் பார்ப்பான். எழுதிவிட்டேன் என்று சொன்னேன். எழுதவில்லை. எனக்கு வேண்டியது அவகாசம்தான். அந்தக் கடுங்குளிர் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அது தாண்டிவிட்டால் எல்லா வாஷரையும் எடுத்துவிடுவதாக இருந்தேன். இதை நான் இப்போது உங்களுக்காகச் சொல்லவில்லை, அப்போதே எனக்குள் சத்தியம் பண்ணியிருந்தேன்.

தலைவியிடம் அப்படிச் சொன்ன அன்றைக்கே சிபா வீட்டு இரண்டு ரேடியேட்டரிலும் துளை வாஷரை எடுத்துவிட்டுத் துளையே இல்லாத தகட்டை வைத்தேன். பழுது பார்ப்பதாகச் சொல்லித்தான் வைத்தேன். அவள் எனக்கு வெளிச்சம் காட்டக் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அழுகிற குரலில் கேட்டாள்:

“பிள்ளை விடாம இருமுது மாமா. நீங்க வர்றதுக்கு முந்தியும் குளிரு, வந்துட்டுப் போனா இன்னும் குளிரு. வேற வழி எதாவது சொல்லுங்களேன்.”

வழி சொன்னேன். சமையலறையில் காஸ் ஓவனைப் பற்றவைத்து அதன் கதவைத் திறந்து வை, நடுக்கதவைச் சாத்திக்கொண்டு நீயும் பிள்ளையும் அங்கேயே படுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நம் ஊரில் வெந்நீர் நின்றால் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அது ஓட்டை உடைசல் மர ஜன்னல் இருந்த காலத்து வழக்கம்.

“காஸை எரியவிட்டுட்டுத் தூங்கினா ஒண்ணும் ஆகாதா?”

“நான் காஸ் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணவன். நான் சொல்றேன்ல.”

சமையலறைச் சுவரின் மேலே ஒரு காற்றுத் துளை இருந்தது. அது வழியாகக் குளிர்காற்று விசிறிக்கொண்டு உள்ளே வந்தது. கையை வைத்தால் விரல் மரத்தது. அயிம் படுக்கிற இடம் நேர் கீழே. ஏணி போட்டு ஏறி அந்தத் துளையை அட்டை வைத்து மூடி, சுற்றிலும் டேப் ஒட்டினேன். ஜன்னல் இடுக்கிலும் ஒட்டினேன். சுத்தமான வேலை, ஒரு சுருக்கம் கிடையாது. இந்த டேப் வசந்தம்வரை அசையாது, ஒரு தடவை ஒட்டினால் போதும் என்று அவளிடம் சொன்னேன். எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்வேன். அந்தத் துளை எதற்காக இருக்கிறது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும் ஐயா, எரிந்த காஸின் நச்சுக் காற்று வெளியே போகத்தான். காஸ் பரீட்சையின் முதல் கேள்வியே அதுதான்.

அவள் எனக்கு நன்றி சொன்னாள். ரவ்ஷான் அத்தைக்குக் கொடுங்கள் என்று எண்ணெயில் பொரித்த மாவுருண்டைகளைத் துணியில் முடிந்து கையில் வைத்தாள். ஐந்து மாடி ஏறி வீட்டுக்குப் போனபோதும் அது ஆறவில்லை.

வெப்பமானி இருபத்தொன்பது காட்டியது. அந்த வாரம்தான் நான் கொஞ்சம் மூச்சு விட்டேன். ரவ்ஷான் முகம் சிவந்து, போர்வையைக் காலால் தள்ளிவிட்டுப் படுத்திருந்தாள்.

“ஏங்க, கொஞ்சம் கொறைக்கக் கூடாதா? நாக்கெல்லாம் வறண்டுபோகுது.”

“ஒனக்கு உள்ளுக்குள்ள குளிரு. அது ஒனக்குத் தெரியல.”

“எனக்குத் தெரியாம எங்குளிரு வேற யாருக்குத் தெரியும்?”

நோய் பேசுகிறது என்று விட்டுவிட்டேன். போர்வையை இழுத்து அவள் கழுத்துவரை மூடினேன்.  அவள் எப்போதுமே என்னிடம் ரொம்ப நேரம் வாதாடுகிறவள் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து ஆல்மா கார்லோவ்னாவுக்குப் போன் வந்தது, சிபா இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்று. ஆல்மா கார்லோவ்னா சிபா வீட்டுச் சாவியோடு நிலவறைக்கு வந்தார். உங்களுக்கு முழங்கால் வலி, நீங்கள் போய் உட்காருங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன். அப்போது எட்டு பத்து. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது எட்டு முப்பத்தொன்றுக்கு. அந்த இருபத்தொரு நிமிடத்தைப் பற்றித்தான் நீங்கள் மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். இன்று சொல்லிவிடுகிறேன்.

நடுக்கதவைத் திறந்ததும் காஸை நிறுத்தினேன், சமையலறை ஜன்னல் டேப்பைக் கத்தியால் கிழித்துத் திறந்தேன். சிபா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், அவளைப் பார்த்ததுமே உயிர் இல்லை என்று தெரிந்தது. அயிம் அம்மாவின் முதுகுக்குப் பின்னால், கதவு இடுக்குப் பக்கமாகக் கிடந்தாள். நான் குனிந்து அவள் கன்னத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. ஓவன் இரண்டு நாளாக எரிந்த அறை, சூடாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கவில்லை.

பிறகு ஹாலுக்குப் போய் இரண்டு ரேடியேட்டரையும் கழற்றித் தகடுகளை எடுத்தேன். ஒரு மரை சண்டித்தனம் பண்ணியது, அதனால்தான் நேரமாயிற்று. திருப்பி முடுக்கி, தண்ணீரைத் திறந்து, தரையில் சிந்தியதைத் துடைத்துவிட்டுப் போன் பண்ணினேன். உங்கள் ஆட்கள் வந்தபோது ரேடியேட்டர் சூடேறிக்கொண்டிருந்தது, ஆனால் ஹால் ஜன்னலின் உள்பக்கம் விரல் கனத்துக்குப் பனி ஒட்டியிருந்தது. இது எப்படி என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். நல்ல கண் உங்களுக்கு.

குழந்தையின் உயிர் எட்டரையை ஒட்டித்தான் பிரிந்திருக்கும் என்று மருத்துவர் எழுதியிருப்பதாக நேற்றுச் சொன்னீர்கள். நான் கேட்டுக்கொண்டேன். நான் போகும்போது அவள் உயிரோடு இருந்தாள், நான் வாஷர் கழற்றினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அதற்குப் பிறகு நீங்கள் காட்டிய இன்னொரு காகிதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கரகந்தா இன்ஜினியர் எழுதியது. பெட்டியில் பழுதே இல்லையாம். என் படுக்கையறைக் குட்டி ஜன்னல் தினமும் பகல் முழுக்கத் திறந்தே இருந்ததாம். அந்த அறையின் அனல் நேராக மேலே இருக்கிற சென்சாரில் அடித்து, வெளியே இதமாக இருப்பதாக அது பெட்டிக்குச் சொன்னதாம். அதனால்தான் அறுபது வீட்டுக்கும் சூடு குறைந்ததாம். குறையக் குறைய நான் மற்ற வீடுகளிலிருந்து எடுத்தேன், எடுக்க எடுக்க என் அறை வெந்தது, வேக வேக அந்த ஜன்னல் திறந்தது. ரவ்ஷானும் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நான் வேலைக்கு இறங்கியதும் டேப்பைப் பிரித்து ஜன்னலைத் திறப்பாளாம், நான் வருவதற்கு முன்னால் சாத்தி, பழைய டேப்பையே அழுத்தி ஒட்டிவிடுவாளாம். அந்தச் சூட்டைப் பார்த்து என் முகத்தில் வருகிற சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை என்றாளாம்.

இப்போது அவள் ஆல்மா கார்லோவ்னா வீட்டில் இருக்கிறாள். அங்கே இருபத்தொரு டிகிரி. நன்றாகத் தூங்குகிறாளாம், இருமல்கூட இல்லையாம்.

நான் செய்ததெல்லாம் அவளுக்காக என்பதை மேலே, தொடக்கத்திலேயே எழுதுங்கள். அவள் ஜன்னலைத் திறப்பது எனக்குத் தெரியாது என்பதையும் எழுதுங்கள். தெரிந்திருந்தால் நான் எதற்கு அக்டோபரிலிருந்து ஒரு ஞாயிறு விடாமல் ஏணி போட்டு ஏறி, அந்தக் குட்டி ஜன்னலுக்குப் பதினோரு தடவை புது டேப் ஒட்டப்போகிறேன்.